விளக்கு வேண்டாத செடி

(தானா ராத்தாவில் வாசகர்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாலைவனத்து இரவு வானத்தைப் புகைப்படமெடுக்கும் கலையைப் பற்றிப் பேச வேண்டுமென்று நண்பர்கள் என்னைக் கேட்டுக்கொண்டபோது, ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை கொட்டுகிற, துவைத்துப் போட்ட சட்டை மூன்று நாளானாலும் ஈரம் விடாத மலேசியாவின் இந்தக் கேமரன் மலையில் நின்றுகொண்டு பாலைவனத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வது பரிகாசத்துக்கு இடமாகாதோ என்று சற்றுத் தயங்கினேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியனாகிய நான் பாலை மணலில் முக்காலி ஊன்றியவனும் அல்லன். ஆயினும், பத்து ஆண்டுகளாக இந்தத் தேயிலைச் சரிவுகளில், தோட்டத்தாரின் அனுமதி பெற்று, அமாவாசையை ஒட்டிய இரவுகளில் காமிராவும் கையுமாக அலைந்தவன் என்ற முறையில், பாலைவனம் வானத்துக்குச் செய்கிற உபகாரத்தில் பாதியையாவது தேயிலை நமக்குச் செய்து வருகிறது என்று சொல்ல எனக்கு யோக்கியதை உண்டென்று நினைக்கிறேன்.

முதலில் பாலைவனத்தின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். ஆகாயத்திலிருந்து வருகிற அற்பசொற்பமான ஒளி நம் கண்ணை வந்தடையுமுன் அதை உறிஞ்சுவதிலும் சிதறடிப்பதிலும் காற்றிலுள்ள நீராவிக்கும் தூசிக்கும் பெரும்பங்கு உண்டு ஆதலாலும், ஊர் விளக்குகளின் வெளிச்சம் மேலெழுந்து அதே நீராவியிலும் தூசியிலும் பட்டுத் திரும்பி வானத்துக்கு ஒரு மங்கலான வெள்ளைப் பூச்சுப் பூசிவிடுவதாலும், நீராவியும் ஜனசந்தடியும் ஒருங்கே இல்லாத உயர்ந்த பாலைநிலங்களையே வான ஆராய்ச்சியாளர்கள் நாடிப் போனார்கள். தென்னமெரிக்காவின் அத்தகாமா அப்படிப்பட்ட இடம். இந்தியாவின் லடாக்கிலுள்ள ஹான்லேயும் அப்படிப்பட்டதே. மணலுக்குப் பதில் கல்லும் பனியும் காற்றும் நிறைந்த குளிர்ப் பாலை அது.

இந்த ஹான்லேக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவு நம்மில் பலர் அறியாதது. 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு வானாய்வுக்கூடம் எழுப்பினார்கள். 1899-இல் அந்தப் பணி கோடைக்கானல் மலைக்கு ஏறியது. கோடைக்கானல் சூரியனைப் பார்ப்பதற்கு வாய்த்த இடம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியனின் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிற அபூர்வமான பொக்கிஷசாலை. ஆனால் இரவில் மேகம் விலகுவதில்லை. ஆகவே வைணு பாப்பு என்ற பெரியார் 1960-களில் மழைமறைவான ஜவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூரைக் கண்டுபிடித்து, அங்கே நட்சத்திரங்களுக்காக ஒரு கூடம் அமைத்தார். அங்கும் மழைக்காலம் பல மாதங்களைத் தின்றுவிடவே, அதே ஸ்தாபனத்தார் இமயத்தைக் கடந்து, கடல்மட்டத்துக்கு மேல் 4,500 மீட்டர் உயரத்தில், மழையும் பனியும் சேர்ந்தே ஆண்டுக்கு நூறு மில்லிமீட்டரை எட்டாத ஹான்லேயில் இரண்டு மீட்டர்க் கண்ணாடியுள்ள தொலைநோக்கியை நிறுத்தினார்கள். அது 2000-ஆம் ஆண்டு முதன்முதலாக வானத்தைப் பார்த்தது. நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய ஒரு யாத்திரை, ஈரத்தையும் வெளிச்சத்தையும் விட்டு விலகி விலகி, இருநூறு ஆண்டுகளில் பாலைவனத்தில் போய் நின்றது.

காவலூரைத் தாண்டிப் போகுமுன் ஒரு சம்பவத்தைச் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை. 1988-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் இரவு அங்கே ஷ்மிட் தொலைநோக்கியால் எடுத்த படங்களில், ஆர். ராஜமோகன் என்ற விஞ்ஞானி, அதுவரை எவரும் கணக்கில் எழுதாத ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். இவ்வகைக் கண்டுபிடிப்பின் சூட்சுமம் மிக எளிது. வானத்தின் ஒரே துண்டைச் சில மணி நேர இடைவெளியில் இருமுறை படமெடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், ஆயிரக்கணக்கான புள்ளிகள் அசையாமல் நிற்க, ஒரே ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருக்கும். அந்தப் புள்ளிக்கு இன்று 4130 ராமானுஜன் என்று பெயர். கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதையின் பெயர், ஜவ்வாது மலையில் எடுத்த ஒரு புகைப்படத்தின் புண்ணியத்தால், சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஹான்லேக்குத் திரும்புகிறேன். 2022 டிசம்பரில் லடாக் நிர்வாகத்தார் அந்தத் தொலைநோக்கியைச் சுற்றியுள்ள 1,073 சதுர கிலோமீட்டர் நிலத்தை இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். காட்டைக் காப்பதும் யானையைக் காப்பதும் நமக்குப் பழகிய சொற்கள். இருட்டைக் காப்பது என்ற சொல் என் காதில் விழுந்தபோது அதன் விசித்திரத்தில் ஒரு நாள் முழுவதும் ஆழ்ந்திருந்தேன். கிராமத்து வீடுகளின் ஜன்னல்களுக்குக் கனத்த திரை, வெளிவிளக்குகளுக்கு மேல்மூடி, இரவில் வரும் வண்டிகளுக்கு வெளிச்சக் கட்டுப்பாடு, இவற்றோடு ஊர்ப் பிள்ளைகளிலேயே சிலரைத் தேர்ந்து தொலைநோக்கியும் பயிற்சியும் கொடுத்து, வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டிப் பிழைக்க வழி செய்திருக்கிறார்கள். 2024 மே மாதம் சூரியப் புயல் அடித்த இரவில், துருவப் பிரதேசங்களுக்கே உரியதென்று எண்ணியிருந்த செவ்வொளி ஹான்லேயின் வடவானத்திலும் படர்ந்ததை அங்குள்ள காமிராக்கள் பதிவு செய்தன. இருட்டு அங்கே காப்பாற்றப்பட்டிராவிட்டால் அந்த மெல்லிய சிவப்பு எந்தக் காமிராவிலும் விழுந்திராது.

இனி நம் மலைக்கு வருவோம்.

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் யானைகளோடும் ஆட்களோடும் இந்தக் காட்டுக்குள் புகுந்தார் என்பதும், 1929-இல் ரஸ்ஸல் என்பவர் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார் என்பதும், அந்தச் சரிவுகளை வெட்டித் திருத்திக் கன்று நட்டவர்களில் நம் பாட்டன் பூட்டன்மார் இருந்தார்கள் என்பதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல விரும்புவது தேயிலைச் செடியின் ஒரு குணத்தைப் பற்றி. மழை வேண்டும், மூடுபனி வேண்டும், சரிவு வேண்டும், கவாத்து வேண்டும், உரம் வேண்டும். ஆனால் பொழுது சாய்ந்தபின் அந்தச் செடிக்கு மனிதனிடமிருந்து ஒன்றும் வேண்டாம். ஆறு மணிக்கெல்லாம் கொழுந்து நிறுத்தத் தராசடியில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஆலைப் பக்கமும் லயத்துப் பக்கமும் சில விளக்குகள் எரிய, மற்றபடி கண்ணுக்கெட்டிய மட்டும் குன்று குன்றாகப் படிந்து கிடக்கும் அந்தப் பசுமை, இரவில் பாலைவனத்துக்குச் சமானமான ஒரு கரிய வெறுமையாக மாறிவிடுகிறது. நிர்மானுஷ்யமான நிலத்தில் தானாக விளைவது பாலையின் இருட்டு. பகலெல்லாம் நூறு பேர் கைபட்ட நிலத்தில், அவர்கள் வீடு திரும்பியதால் விளைவது நம் இருட்டு.

இடத்தின் விசேஷம் இன்னொன்றும் உண்டு. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே நான்கரைப் பாகையில் இருக்கிறோம். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் அந்த ஊரில் நிற்கும் என்பது சாஸ்திரம். எனவே ஹான்லேயில் முப்பத்து மூன்று பாகை உயரத்தில் மன்னனைப் போல் வீற்றிருக்கும் துருவன், நம் ஊரில் நீட்டிய கையின் மூன்று விரல் அகலத்துக்கு மேல் எழுவதில்லை. அதையும் பெரும்பாலும் பிரிஞ்சாங் மலைமுடியோ அதன்மேல் உட்கார்ந்திருக்கும் மேகமோ மறைத்துவிடும். கலியாணத்தன்று நட்சத்திரம் காட்டுகிற புரோகிதர் இந்த ஊரில் வடக்கே கையைக் காட்டிவிட்டு அவசரமாக அடுத்த மந்திரத்துக்குப் போய்விடுவதன் காரணம் இதுவே என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். ஆனால் தெற்கே திரும்பினால் நம் ஐசுவரியம் தெரியும். திரிசங்கு என்று நம் முன்னோர் சொன்ன சிலுவைக் கூட்டமும், அதற்கு வழிகாட்டுவதுபோல் பக்கத்தில் நிற்கும் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்களும் ஹான்லேக்காரர் பார்க்கவே கொடுத்து வைக்காதவை. நமக்கோ மே மாதத்து முன்னிரவில் தென்மலைக்கு மேலே தெளிவாக நிற்கின்றன. விருச்சிகத்தின் வாலருகே உள்ள ஆகாச கங்கையின் நடுப்பகுதி, ஹான்லேயில் அடிவானத்திலிருந்து இருபத்தெட்டுப் பாகைக்கு மேல் எழாது. இங்கே ஐம்பத்தாறு பாகை உயரத்துக்கு ஏறி வருகிறது. மேகம் விலகின இரவு மட்டும் ஒன்று வாய்த்துவிட்டால், பாலைவனத்தார் நம்மைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதுதான்.

இன்னும் ஓர் அழகு உண்டு. காமிராவை முக்காலியில் இருத்தி, ஷட்டரை ஒரு மணி, இரண்டு மணி நேரம் தொடர்ந்து இயக்கி, நட்சத்திரங்கள் இழுக்கும் கோடுகளைப் படமெடுப்பது ஒரு முறை. வடநாடுகளில் இப்படி எடுத்தால் துருவனைச் சுற்றிக் குயவனின் சக்கரத்தைப் போல வட்டங்கள் விழும். நம் ஊரில் கிழக்கு நோக்கிக் காமிராவை வைத்து, விரிந்த லென்ஸால் எடுத்தால், நடுவிலுள்ள நட்சத்திரங்கள் ஏறத்தாழ நேர்கோடாக, செங்குத்தாக மேலே ஏறும். இடப்பக்கத்துக் கோடுகள் வடதுருவத்தை நோக்கி வளையும். வலப்பக்கத்துக் கோடுகள் தென்துருவத்தை நோக்கி எதிர்ப்புறமாக வளையும். திரைச்சீலையை நடுவில் பிரித்து இருபுறமும் ஒதுக்கினாற்போல் இருக்கும். பூமத்திய ரேகையை ஒட்டி வாழ்கிறவனுக்கு மட்டுமே கிட்டுகிற காட்சி இது. மூன்று வருஷமாக முயல்கிறேன். இரண்டு மணி நேரம் தொடர்ந்து மேகம் வராத இரவு இன்னும் எனக்கு வாய்க்கவில்லை.

செய்முறையைப் பற்றி அதிகம் சொல்லி உங்களைக் களைப்புறச் செய்ய மாட்டேன். லென்ஸின் துவாரத்தை முழுவதும் திறந்து, ஐ.எஸ்.ஓ.வை 3200 அளவில் வைத்து, இருபது மில்லிமீட்டர் லென்ஸானால் இருபது, இருபத்தைந்து விநாடிக்குள் படத்தை முடித்துவிட வேண்டும். அதற்குமேல் போனால் பூமி சுழல்வது படத்தில் தெரிந்துவிடும். இருபத்தைந்து விநாடிக்குள்ளேயே வானம் சந்திர பிம்பத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு நகர்ந்துவிடுகிறது. இருட்டில் தானியங்கி ஃபோகஸ் தடுமாறும் ஆதலால், பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது குண்டூசித் தலையளவு சுருங்கும்வரை கையால் திருக வேண்டும். கைவிளக்குக்குச் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். இருட்டுக்குப் பழக நம் கண்ணுக்கு அரைமணி நேரம் பிடிக்கும். ஒரே ஒரு தடவை கைப்பேசியைத் திறந்தால் அந்த அரைமணியும் வீண்.

பாலைவனத்தான் அறியாத ஒரு சத்துருவைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது பனியீரம். நான் முதன்முதலாகப் படமெடுத்த இரவில், பத்து மணி சுமாருக்கு, நட்சத்திரங்களைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் விழுவதைத் திரையில் கண்டு, ஆஹா, என்ன சோபை என்று மெய்மறந்துபோனேன். அடுத்த படத்தில் வட்டங்கள் பெருத்தன. அதற்கடுத்த படத்தில் நட்சத்திரங்களே இல்லை. சாம்பல் நிறச் சுவர் ஒன்றுதான் இருந்தது. மேகமோ என்று அண்ணாந்து பார்த்தேன். வானம் நிர்மலமாக இருந்தது. லென்ஸைத் தொட்டேன், விரல் நனைந்தது. இந்த ஊர் ராத்திரியின் ஈரக்காற்று, குளிர்ந்த கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்துகொண்டே இருந்திருக்கிறது. துண்டால் துடைத்தேன், அரை நிமிஷத்தில் மறுபடி படிந்தது. அன்றைய இரவு அதோடு போயிற்று. பிறகு ஓர் அனுபவசாலி சொல்லிக்கொடுத்தபடி, பழைய காலுறை ஒன்றின் நுனியை வெட்டி லென்ஸுக்கு மாட்டி, கை சூடாக்கும் பொட்டலம் இரண்டை அதற்குள் செருகி வைக்கக் கற்றுக்கொண்டேன். காற்றைவிடக் கண்ணாடி சற்றே வெதுவெதுப்பாக இருந்தால் போதும், ஈரம் அண்டாது. உயர்ந்த விலை கொடுத்து வாங்கின லென்ஸ் கிழிந்த காலுறை மாட்டிக்கொண்டு ஆகாச கங்கையைப் பார்க்கும் கோலத்தை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு ஜூன் மாத இரவில், லயத்துக்குச் சற்று மேலே தேயிலைப் பாதையோரமாக நின்றிருந்தபோது, தலையில் துண்டு போர்த்திய ஒரு மூதாட்டி, நாய் குரைத்த காரணத்தைப் பார்க்க வந்தவர், என் பக்கத்தில் வந்து நின்றார். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர் என்பது பிறகு தெரிந்தது.

"என்னா வாத்தியாரே, இந்நேரத்துல யாரப் போட்டோ புடிக்கிறீங்க?"

"வானத்தைத்தான் பெரியம்மா."

"அதுக்கு ஏன் மூச்சுக் காட்டாம நிக்கிறீங்க? அது பாட்டுக்கு அசையாமத்தான இருக்கு."

"அசையுது பெரியம்மா. அதுதான் சிக்கலே."

பெரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்குப் போகிற விடியற்காலைகளில் விடிவெள்ளிதான் தங்களுக்கு லாந்தர் என்றும், அது எந்த மரத்துக்கு மேல் நின்றால் கங்காணி ஏசமாட்டார் என்று தெரியும் என்றும் அவர் சொல்லிக்கொண்டிருக்கையில் படம் முடிந்து திரையில் தோன்றிற்று. குனிந்து பார்த்தார். ஆகாச கங்கை சிவப்பும் நீலமும் பழுப்புமாகத் தேயிலைச் சரிவுக்கு மேலே எழும்பி நின்றது. பெரியம்மா திரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"இம்புட்டுச் சாயம் எங்கேருந்து வந்துச்சி? நான் பாத்த நாள்லேருந்து அது வெள்ளையாத்தான இருக்கு."

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்வது இக்கலையில் ஈடுபட்ட ஒவ்வொருவனின் கடமை. மங்கிய ஒளியில் வேலை செய்கிற நம் கண்ணின் உறுப்புகளுக்கு நிறம் தெரியாது. மேலும் கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. வந்த கணத்திலேயே செலவழித்துவிடுகிறது. காமிராவோ இருபது விநாடி ஒளியை, உண்டியலில் காசு சேர்ப்பதுபோல், ஒரே சட்டத்தில் சேர்த்துவைத்துப் பிறகு எண்ணுகிறது. ஆகையால் அந்தச் சிவப்பு பொய்யில்லை. நமக்குக் காணக் கிடைக்காத மெய். ஒரே இரவில் ஒரே இடத்தில் எடுத்த பல படங்களை அடுக்கிப் புள்ளிக்கறைகளை நீக்குவதையும் நான் குற்றமாகக் கருதவில்லை. ஆனால் ஆகாச கங்கையின் நடுப்பகுதியை, அது ஒருக்காலும் நிற்கமுடியாத வடதிசை மலைக்கு மேல், வேறொரு நாட்டில் எடுத்த படத்திலிருந்து வெட்டி ஒட்டிவிட்டுக் கேமரன் மலையின் இரவு என்று பெயரிட்டு வழங்குகிறார்களே, அதை எந்த நியாயத்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விடிவெள்ளி எந்த மரத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்த பெரியம்மாவிடம் அந்தப் படம் ஒரு நிமிஷம் செல்லுபடியாகாது.

பெரியம்மாவிடம் இவ்வளவையும் சொன்னேனா என்றால், உண்டியல் உவமையை மட்டும் சொன்னேன். "அப்ப சரி" என்றார்.

நம் இருட்டு எத்தனை நாளைக்கு என்ற கேள்வியையும் தொட்டாக வேண்டும். மேற்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் ஈப்போ நகரம். அதன் ஒளி அந்தப் பக்கத்து அடிவானத்தை எப்போதும் வெளிறடித்து வைத்திருக்கிறது. கிழக்கே பகாங்கின் உட்காடுகள். அங்கே இன்னும் நல்ல இருட்டு. தெய்வாதீனமாக, ஆகாச கங்கையின் நடுப்பகுதி தென்கிழக்கில்தான் உதிக்கிறது. ஆகவே இருட்டான பக்கத்தில் எழும்போதே படமெடுத்துவிடுவது புத்திசாலித்தனம். ஆனால் மலையின் மேலேயே இப்போது வேறு வகை வெளிச்சம் பெருகிவருகிறது. செவ்வந்தி, பகல் குறுகி இரவு நீண்டால்தான் பூக்கும் ஜாதி. நம் ஊரிலோ ஆண்டு முழுவதும் இரவு ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம். விட்டால் தண்டு ஒரு சாண் வளருமுன் செடி மொட்டு வைத்துவிடும். பூச்சந்தைக்கு நீண்ட தண்டு வேண்டும். அதனால் பிளாஸ்டிக் கூரைக்குள் வரிசை வரிசையாக விளக்கு மாட்டி, நள்ளிரவில் எரியவிட்டு, இரவை இரண்டாக முறித்து, பகல் இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது என்று செடியை நம்பவைக்கிறார்கள். மேலிருந்து பார்க்கிறவனுக்கு அந்தப் பள்ளத்தாக்குகள் பொன்னை உருக்கி ஊற்றினாற்போல் ஜொலிக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் அதையும் படமெடுத்துப் போகிறார்கள், அழகாகவே இருக்கிறது. அந்தப் பொன் மேகத்தில் பட்டு மேலே பரவி, மூன்றாம் தர நட்சத்திரங்களை விழுங்கிவிடுகிறது என்பதுதான் என் போன்றவர்களின் புலம்பல். விளக்கின் தலைக்கு ஒரு மூடி போட்டால் வெளிச்சம் செடிமேல் மட்டும் விழும், மின்சாரமும் மிச்சம் என்று பூத்தோட்டக்காரர்கள் சிலரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் மட்டும் கேட்டுக்கொண்டார். கூரையின் ஒரு பகுதிக்குத் துணி கட்டியிருக்கிறார்.

அந்த ஜூன் மாதப் படத்தைச் சட்டமிட்டுப் பெரியம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டச் சொன்னார். மாட்டியானதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். திரிசங்குவைக் காட்டுவேனா, விருச்சிகத்தைக் காட்டுவேனா என்று நான் விரலைத் தூக்குமுன், அவர் தம் விரலைப் படத்தின் இடது கீழ்மூலையில், சரிவுக்கு அப்பால் நான் எவ்வளவு முயன்றும் மறைக்க முடியாமற்போன அந்த மஞ்சள் வெளிச்சத்தின்மேல் வைத்தார்.

"இது நம்ம பேரன் வேல செய்யிற பூத்தோட்டந்தான வாத்தியாரே?" என்று கேட்டார்.